மூணு மாசமா, பத்து மாசமா? வாடகை வீட்டு அட்வான்ஸ் பற்றி சட்டம் சொல்வது என்ன? - முழு விளக்கம்

சென்னையில் 'டு லெட்' போர்டைப் பார்த்து போன் பண்ணினால், வாடகை எவ்வளவு என்று நாம் கேட்பதற்குள் எதிர்முனையில் இருந்து மூணு கேள்வி வந்துவிடும். "ஃபேமிலியா, பேச்சுலரா?", "எத்தனை பேரு?", "எங்க வேலை?". இந்த மூணிலும் பாஸ் ஆனால்தான் வாடகை சொல்வார்கள். அதற்கப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அட்வான்ஸ் பத்து மாசம், கடைசியில பெயின்டிங்குக்கு ஒரு மாசம் புடிச்சுப்போம்" என்று ஒரு வரி வரும்.

அந்த ஒரு வரியில்தான் நம்முடைய ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது.

பத்து மாசம் வாங்கலாமா? பெயின்டிங் காசு யார் தரணும்? காலி பண்ணின பிறகு, "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்று சொன்னால் என்ன செய்வது? இதையெல்லாம் வீடு தேடும்போது யாரும் யோசிப்பதில்லை. சாமான் ஏற்றும் வண்டி வாசலில் வந்து நிற்கும்போதுதான் யோசிக்கிறோம். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒரே வாரத்தில் வந்த படமும் சட்டமும்

செழியன் இயக்கிய 'டு லெட்' படம் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். 2007-ல் சென்னையில் ஐ.டி. வேலை பெருகி, வாடகை எகிறின காலத்தில் நடக்கும் கதை. சினிமாவில் வேலை தேடும் கணவன், மனைவி, ஒரு சின்னப் பையன். 30 நாளில் வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார் ஓனரம்மா. அடுத்த வீடு தேடி அலைவதுதான் மொத்தப் படமும். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய படம். இது தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரி 21.

அதற்கு மறுநாள், பிப்ரவரி 22, தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, தற்செயல்தான். படத்தைப் பற்றிப் பேசின அளவுக்கு அந்தச் சட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதுதான் இதில் வருத்தம்.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இரண்டு பேருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் இது. 2017-ல் சட்டமன்றத்தில் நிறைவேறி, 2019-ல் அமலுக்கு வந்தது. அதுவரை இருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. பேரிலேயே வித்தியாசம் தெரியும். பழையது 'கட்டுப்பாடு' பற்றிப் பேசியது, புதியது 'ஒப்பந்தம்' பற்றிப் பேசுகிறது. அதாவது வாடகை எவ்வளவு என்பதில் அரசு தலையிடாது. நீங்களும் ஓனரும் எழுத்தில் என்ன ஒப்புக்கொண்டீர்களோ அதுதான் கணக்கு.

அட்வான்ஸ்: மூணு மாசம்தான். ஆனால்...

சட்டத்தின் 11-வது பிரிவு, மாத வாடகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் பாதுகாப்பு வைப்புத் தொகை வாங்கக் கூடாது என்கிறது. 15 ஆயிரம் ரூபாய் வாடகை என்றால் அட்வான்ஸ் 45 ஆயிரம். அவ்வளவுதான்.

இதை மட்டும் படித்துவிட்டு, "சார், சட்டப்படி மூணு மாசம்தான்" என்று ஓனரிடம் போய்ச் சொன்னால் அவர் சிரிப்பார். வாடகைச் சந்தை பற்றித் தெரிந்தவராக இருந்தால் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லுவார். ஏனென்றால் அந்தப் பிரிவு தொடங்குவதே, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் தவிர என்ற பொருளில்தான். அதாவது பத்து மாச அட்வான்ஸுக்கு நீங்களே சம்மதித்து, அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டால், மூணு மாச வரம்பு உங்களைக் காப்பாற்ற வராது. கதவைப் பூட்டிவிட்டு சாவியை மிதியடிக்குக் கீழே வைத்த மாதிரி ஒரு சட்டம்.

ஆச்சரியமான விஷயம், பழைய சட்டம் இதில் இன்னும் கறாராக இருந்தது. 1960-ஆம் ஆண்டு சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸாக வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சட்டம் அமலில் இருந்த காலத்திலும் சென்னையில் பத்து மாசம் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். வாடகை பாக்கி என்று ஓனர் கோர்ட்டுக்குப் போனால், "என்னோட பணம் அவர்கிட்டதான் அதிகமா இருக்கு, அதுல கழிச்சுக்க வேண்டியதுதானே" என்று வாடகைதாரர் தரப்பில் சொல்வார்கள். உச்ச நீதிமன்றமும் 1996-ல் ஒரு வழக்கில் இந்த வாதத்தை ஏற்றிருக்கிறது.

மத்திய அரசு 2021 ஜூனில் ஒரு மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் வீடுகளுக்கு இரண்டு மாதம், கடை, ஆபீஸ் மாதிரியான இடங்களுக்கு ஆறு மாதம் என்று வரம்பு இருக்கிறது. ஆனால் அது மாநிலங்களுக்கு ஒரு மாதிரிதான். வாட்ஸ்அப்பில் 'இனிமே ரெண்டு மாசம்தான் அட்வான்ஸ்' என்று வருகிற ஃபார்வர்டு எல்லாம் இதை வைத்து வருவதுதான். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு நம் மாநிலச் சட்டம்தான் பொருந்தும்.

பத்து மாசத்துக்கு உண்மையில் எவ்வளவு செலவு?

ஒரு சின்னக் கணக்கு. வாடகை 15 ஆயிரம், அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். அந்தப் பணம் பேங்கில் 6 சதவீத வட்டியில் கிடந்திருந்தால் வருஷத்துக்கு 9 ஆயிரம் ரூபாய் வந்திருக்கும். மாசத்துக்கு 750. அப்படியென்றால் நீங்கள் உண்மையில் கொடுக்கிற வாடகை 15,750. அந்த ஒன்றரை லட்சத்தை பெர்சனல் லோன் போட்டோ, நகையை அடகு வைத்தோ கட்டியிருந்தால் கணக்கு இன்னும் ஏறும். முதல் வேலைக்குச் சென்னை வருகிற பலர் அப்படித்தான் கட்டுகிறார்கள்.

இந்த இடத்தில் வார்த்தையிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நாம் 'அட்வான்ஸ்' என்கிறோம், தமிழில் 'முன்பணம்'. முன்பணம் என்றால் வாடகைக்கு முன்கூட்டியே கொடுத்த பணம் மாதிரி ஒலிக்கிறது. (அந்தக் காலத்தில் வாடகைக்கே 'குடக்கூலி' என்று ஒரு அழகான பேர் இருந்தது. இலக்கிய வகுப்பில் கேட்டதோடு சரி.) சட்டம் இதை முன்பணம் என்று சொல்வதில்லை, 'பாதுகாப்பு வைப்பு' என்கிறது. அதாவது அது உங்கள் பணம். ஓனரிடம் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்தால் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. ஓனர் அதைத் தன் வருமானம் என்று நினைத்து வீட்டு லோனிலோ பெண் கல்யாணத்திலோ போட்டுவிடுகிறார். வாடகைதாரர் அதை வாடகை என்று நினைத்து, "கடைசி நாலு மாசம் அட்வான்ஸில கழிச்சுக்குங்க" என்று கொடுப்பதை நிறுத்திவிடுகிறார். இரண்டாவது ரொம்ப ஆபத்து. இரண்டு மாத வாடகை பாக்கி, அதைக் கேட்டு நோட்டீஸ் வந்து ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால், அது வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஒரு சட்டப்பூர்வக் காரணம். ஓனர் எழுத்தில் சம்மதிக்காமல் அட்வான்ஸில் கழிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு 'ஓகே'வாவது வாங்கி வையுங்கள்.

'அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்'

காலி பண்ணும்போது பெரும்பாலானவர்கள் கேட்கிற வசனம் இது. ஓனர் மோசமானவர் என்று அர்த்தமில்லை, பல நேரம் அவர் கையில் காசே இருக்காது. நீங்கள் கொடுத்த அட்வான்ஸ், உங்களுக்கு முன் குடியிருந்தவருக்குப் போனது. உங்களுக்கு வர வேண்டிய பணம், இன்னும் யார் என்றே தெரியாத அடுத்த குடித்தனக்காரரின் பாக்கெட்டில் இருக்கிறது. சங்கிலி மாதிரி ஓடுகிற இந்தப் பணத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் போதும், இரண்டு குடும்பம் மாட்டும். பழைய வீட்டில் பணம் வரவில்லை, புது வீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். இந்த இடைவெளியில்தான் மாச வட்டிக்காரர் நம் வாழ்க்கைக்குள் வருகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டைக் காலி செய்து ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, மீதி வைப்புத் தொகையைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வருகிறாரா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அக்ரிமென்ட் போடும்போதே, 'சாவி ஒப்படைக்கும் அன்றே வைப்புத் தொகை திருப்பித் தரப்படும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். நியாயமான ஓனர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. தயங்கினால், குறைந்தபட்சம் பாதியை சாவி கொடுக்கும்போதும் மீதியை 15 நாளிலும் என்று பேசிப் பாருங்கள். நோட்டீஸ் காலம் இரண்டு மாதம் என்று எழுதியிருந்தால், நீங்கள் நோட்டீஸ் கொடுக்கிற அன்றே அட்வான்ஸ் பற்றியும் அதே மெசேஜில் கேட்டுவிடுங்கள். கடைசி வாரம் கேட்டால் யாராலும் ஒன்றரை லட்சம் புரட்ட முடியாது.

தரவே இல்லை என்றால்? முதலில் தேதி போட்டு எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். அனுப்பினதற்கும், அவர் வாங்கினதற்கும் அத்தாட்சி இருக்கிற மாதிரி தபாலில் அனுப்புங்கள். பிறகு வக்கீல் நோட்டீஸ். அதற்குப் பிறகு வாடகைச் சட்டத்தின் கீழ் இருக்கிற வாடகை நீதிமன்றம். வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், இலவச சட்ட உதவிக்கான எண் 15100. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச உதவி பெறும் தகுதி உண்டு. வழக்காகப் போவதற்கு முன்பே இரண்டு தரப்பையும் கூப்பிட்டு சமரசம் பேசி முடிக்கவும் அங்கே வழி இருக்கிறது. 40, 50 ஆயிரம் ரூபாய் பிரச்சினைக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

பெயின்டிங் காசு யாருடையது?

சென்னையில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. எத்தனை வருஷம் இருந்தாலும், சுவரில் ஒரு ஆணி கூட அடிக்காமல் இருந்தாலும், காலி பண்ணும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்குப் போய்விடும். பெயின்ட் அடிப்பார்களா என்பது வேறு விஷயம். அடுத்த ஆள் சுவரைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்றால் அதுவும் அடிக்க மாட்டார்கள்.

வாடகைச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு அட்டவணை இருக்கிறது, யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று. வாடகைதாரர் சேதப்படுத்தியது தவிர மற்றபடி கட்டடத்தின் அடிப்படைப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் கணக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், வாஷ்பேசின், கீசர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை எல்லாம் குடியிருப்பவர் கணக்கு. நாள்படப் பழசாகித் தேய்வதற்கு வாடகைதாரர் பொறுப்பில்லை.

ஆனால் இங்கேயும் அதே பழைய கதைதான். 'பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும்' என்று அக்ரிமென்ட்டில் எழுதி, நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அட்டவணையைக் காட்டிப் பேசுவது கஷ்டம். குடிபோகும்போதே பேசி, 'மூன்று வருடத்துக்கு மேல் இருந்தால் பிடித்தம் இல்லை' என்றோ, 'உண்மையான செலவுக்கு பில் காட்டினால் மட்டும்' என்றோ மாற்றலாம். கேட்டால் கிடைக்காமலும் போகலாம். கேட்காவிட்டால் நிச்சயம் கிடைக்காது.

குடிபோகிற அன்றைக்கு, சாமான் இறக்குவதற்கு முன்னால், எல்லா அறையையும் வீடியோ எடுத்து அன்றைக்கே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். பாத்ரூம் டைல்ஸ் விரிசல், சீலிங்கில் ஈரம், ஒட்டின கதவு, எல்லாம் வரணும். மூணு வருஷம் கழித்து "இது நீங்க வந்தப்புறம் ஆனது" என்று வரும்போது அந்த வீடியோதான் பேசும்.

11 மாசம் ஏன்?

எல்லா அக்ரிமென்ட்டிலும் 11 மாசம் என்று இருக்கும். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் போடுவாங்க" என்பார் புரோக்கர். காரணம் 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை சார்பதிவாளர் ஆபீஸில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 11 மாசம்.

இதனால் 11 மாச அக்ரிமென்ட்டை எங்கேயுமே பதிவு செய்ய வேண்டாம் என்று பல பேர் நினைக்கிறார்கள். 2017 சட்டப்படி அது சரியில்லை. எத்தனை மாதத்துக்குப் போட்டாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவர் வாடகை அதிகாரியாக இருப்பார். தமிழக அரசின் வாடகைப் பதிவு இணையதளத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம், பதிவு எண் கொடுப்பார்கள்.

"நமக்கெதுக்கு இந்த வேலை, ஓனர் பார்த்துப்பார்" என்று விட்டால் நஷ்டம் நமக்குத்தான். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததையே காரணமாகக் காட்டி, வீட்டைக் காலி செய்ய உத்தரவிடும்படி ஓனர் வாடகை நீதிமன்றத்தில் கேட்க முடியும். பழைய சட்டம் இருந்தபோது வாய்ப்பேச்சில் குடிபோய் 20, 30 வருஷம் இருந்த குடும்பங்களுக்குத்தான் இது பெரிய அடி. உங்கள் அப்பா அம்மா அப்படி ஒரு வீட்டில் இன்னும் இருந்தால், இந்த வாரமே ஒரு அக்ரிமென்ட் பற்றிப் பேசச் சொல்லுங்கள்.

ஓனர் பக்கமும் ஒரு நியாயம்

நம்முடைய சினிமாவில் ஹவுஸ் ஓனர் என்றாலே வில்லன் அல்லது காமெடியன். நிஜத்தில் ரிட்டையர் ஆன ஒரு தம்பதி மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டு, அதில் வரும் 12 ஆயிரத்தில் மாத்திரை மருந்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். பழைய சட்டத்தில் வாடகை தராத ஒருவரைக் காலி பண்ண வைக்க வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள் உண்டு. பத்து மாச அட்வான்ஸ் என்ற பழக்கம் அந்த பயத்திலும் வளர்ந்ததுதான். வாடகை வராவிட்டாலும் கேஸ் நடக்கிற வரை கையில் ஏதாவது இருக்கட்டும் என்ற கணக்கு.

ஆனால் பயத்துக்காக ஓனர்கள் செய்யும் சில காரியங்கள் சட்டப்படி செல்லாது. வாடகை தாமதமானால் மோட்டாரை ஆஃப் பண்ணுவது, ஃப்யூஸைப் பிடுங்குவது போன்றவை. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு விளக்கு, லிஃப்ட் மாதிரியான அத்தியாவசிய வசதிகளை நிறுத்த ஓனருக்கு உரிமை இல்லை. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். அதே போல, "என் வீடுதானே" என்று நினைத்த நேரத்தில் கதவைத் தட்டி உள்ளே வரவும் முடியாது. 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் தகவல் சொல்ல வேண்டும். சென்னை அபார்ட்மென்ட்டில் இதை அப்படியே கடைப்பிடிக்கிற ஓனரைப் பார்ப்பது அபூர்வம்தான். ஆனாலும் தனியாகத் தங்கியிருக்கிற பெண்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இன்னொன்று, ரசீது. வாடகை வாங்கினால் ரசீது தருவது ஓனரின் கடமை. ஜி-பேயில் அனுப்புவதால் யாரும் கேட்பதில்லை. பழைய வருமான வரி முறையில் வீட்டு வாடகைப்படி சலுகை கேட்பவர்கள், வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணும் தர வேண்டும். 'பான் கேட்டா வீடு கிடையாது' என்கிற ஓனர்கள் இருக்கிறார்கள். இதையும் குடிபோவதற்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மார்ச் மாசம் ஆபீஸில் கேட்கும்போது ஓடினால் பிரயோஜனமில்லை.

கரண்ட் பில்: சுருக்கமாக

வீட்டுக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறும். ஒரே இணைப்பில் இரண்டு, மூன்று போர்ஷன் இருந்து, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வாங்கினால், அந்த இலவச யூனிட் உங்களுக்கு வராது. எல்லாருடைய பயன்பாடும் சேர்ந்து 500-ஐத் தாண்டி விலையும் ஏறும். 15 ஆயிரம் வாடகை வீட்டை விட 14 ஆயிரம் வாடகை வீடு சில நேரம் அதிக செலவு வைப்பது இதனால்தான்.

வாடகை இல்லாத வீடு, அதாவது 'லீஸ்'

"அஞ்சு லட்சம் குடுங்க, மூணு வருஷம் வாடகையே வேண்டாம், போகும்போது அஞ்சு லட்சத்தையும் வாங்கிட்டுப் போங்க." லீஸ், போக்கியம், ஒத்தி என்று ஊருக்கு ஒரு பேர். வாடகை மிச்சம் என்று நடுத்தரக் குடும்பங்கள் விரும்பிப் போகிற ஏற்பாடு. அதே நேரம், மொத்தப் பணமும் ஒரே அடியில் போகிற ஏற்பாடும் இதுதான்.

'அன்பே வா' படம் ஞாபகம் இருக்கிறதா? 1966. சிம்லாவில் இருக்கிற தன் பங்களாவுக்கு ஓய்வெடுக்க வருவார் எம்.ஜி.ஆர். அவருக்குத் தெரியாமலே அதைச் சரோஜாதேவி குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருப்பார்கள். சொந்த வீட்டிலேயே காசு கொடுத்துத் தங்குவார் ஹீரோ. படத்தில் அது காமெடி. ஓனர் எம்.ஜி.ஆராக இருந்ததால் சரோஜாதேவி குடும்பம் தப்பித்தது.

நிஜத்தில் நடப்பது இப்படி. இடைத்தரகர் ஒருவர் உண்மையான ஓனரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுப்பார். அதே வீட்டை இன்னொரு குடும்பத்துக்கு அஞ்சு லட்சம் லீஸுக்கு விடுவார். சில மாதம் ஓனருக்கு வாடகை போகும், பிறகு நின்றுவிடும், ஆளும் காணாமல் போவார். ஓனர் வந்து கதவைத் தட்டும்போதுதான் லீஸுக்கு இருப்பவருக்கு விஷயமே தெரியும். இல்லையென்றால் ஓனரே வீட்டை ஏற்கெனவே பேங்கில் அடமானம் வைத்திருப்பார், தவணை கட்டாததால் பேங்க் நோட்டீஸ் சுவரில் ஒட்டப்படும்.

அதனால் லட்சக்கணக்கில் கொடுப்பதற்கு முன்னால் வில்லங்கச் சான்று பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சொத்து யார் பேரில் இருக்கிறது, பதிவான அடமானம் ஏதாவது இருக்கிறதா என்று தெரியும். சொத்து வரி ரசீது, மின் இணைப்பு யார் பேரில் என்பதையும் ஒத்துப் பாருங்கள். ஓனரை நேரில் பார்க்காமல், புரோக்கர் கணக்குக்குப் பணம் அனுப்பவே கூடாது. போக்கியப் பத்திரத்தை சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கிக்கொண்டால் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

சட்டத்தில் இல்லாத கேள்விகள்

எல்லாம் சொன்னாலும், இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் வந்த அந்த மூணு கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. குடும்பமா, தனி ஆளா, என்ன சாப்பிடுவீர்கள், என்ன சாதி, என்ன மதம் என்று கேட்டு வீடு இல்லை என்று சொன்னால், வாடகைச் சட்டத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. வீடு கொடுத்த பிறகு என்ன நடக்க வேண்டும் என்றுதான் அது பேசுகிறது. யாருக்கு வீடு என்பதை ஓனரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. 'டு லெட்' படத்தில் அந்தக் குடும்பம் படும் அலைச்சலில் பாதி இந்தக் கேள்விகளால் வருவதுதான்.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. பாலசந்தரின் 'எதிர் நீச்சல்' (1968) படத்தில் பல குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருக்கிற வீட்டில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடத்தில்தான் நாகேஷ் தங்கியிருப்பார், எல்லா வீட்டுக்கும் எடுபிடி வேலை செய்துகொண்டு. பாலுமகேந்திராவின் 'வீடு' (1988) படத்தில் குடியிருக்கும் வீட்டைக் காலி பண்ணச் சொன்னதால்தான் சுதா என்கிற வேலைக்குப் போகும் பெண் சொந்தமாக வீடு கட்டவே இறங்குவார். அந்த வேடத்துக்கு அர்ச்சனாவுக்கு தேசிய விருது கிடைத்தது. 2025-ல் வந்த '3 பிஹெச்கே' வரைக்கும் வாடகை வீட்டில் இருந்து வெளியே வரப் பார்க்கும் குடும்பம்தான் கதை. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் இத்தனை வருஷமாக ஓடுவதற்கும் பேச்சுலருக்கு வீடு கிடைக்காதது ஒரு காரணம்.

காலி பண்ணுகிற அன்று

கடைசியாக, வீட்டை விட்டுப் போகிற நாளுக்கு. கரண்ட் மீட்டரை போட்டோ எடுங்கள், அன்றைய தேதி வரைக்குமான தொகையைக் கட்டிவிடுங்கள். கேஸ், இன்டர்நெட் முகவரியை மாற்றுங்கள். காலி அறைகளை இன்னொரு முறை வீடியோ எடுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடமோ வாட்ச்மேனிடமோ கொடுத்துவிட்டுப் போகாமல், ஓனர் கையிலேயே கொடுத்து, 'சாவி பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு ஒரு வரி எழுதி வாங்குங்கள். ஓனர் வெளியூரில் இருந்தால் வாட்ஸ்அப்பில் அந்த வரி போதும். பணம் திரும்பத் தர வேண்டிய அந்த ஒரு மாதம், நீங்கள் வீட்டை ஒப்படைத்த தேதியில் இருந்துதான் ஓடத் தொடங்கும். அந்தத் தேதி எது என்பதற்கு உங்கள் கையில் ஒரு சாட்சி இருக்கட்டும்.